ஐஸ் போட்டுக் குழைத்த கொங்கிறீற்

எங்கள் ஐஸ் கொம்பனி வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஐஸ்கட்டி இருக்கிறதா என்றுதான். சுபாஜினி வந்த அன்று அதைக் கேட்கவில்லை.

"அக்கா, நீங்கள் ஐஸ் போடுறது குடிக்கிற தண்ணியிலதானே?"

தலையில் மஞ்சள் தொப்பி. சப்பாத்தில் காய்ந்த சேறு. கையில் நீளமான வெப்பமானி ஒன்று. சுகாதாரப் பகுதியிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் கொஞ்சம் பயந்துதான் போனேன். உள்ளே கூட்டிக்கொண்டுபோய் தண்ணீர்த் தொட்டி, அச்சுப் பெட்டிகள் எல்லாவற்றையும் காட்டினேன். அவள் ஒரு குவளைத் தண்ணீரை அள்ளி, முதலில் வெப்பமானியை வைத்துப் பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்த்தாள்.

"நல்ல தண்ணி. எனக்கு ஒரு முழு நாள் ஐஸ் வேணும். உங்களிட்ட எவ்வளவு இருக்கோ அவ்வளவும்."

"என்ன மீன் மிஸ், இவ்வளவுக்கு?"

"மீனுக்கில்லை அக்கா. கொங்கிறீற்றுக்கு."

உள்ளே மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த என் கணவர் தலையை நீட்டிப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு அது பழக்கம்போல, சிரிப்பு முடியும்வரை பொறுமையாக நின்றாள்.

பெரிய கிடாரத்துச் சோறு

மன்னார்த் தீவின் வடக்குக் கரையில் ஒரு மீனவக் கிராமம். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர் இந்தப் பத்திரிகையை விடாமல் படிக்கிறவர்கள். அங்கே கிணறெல்லாம் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். என் அண்ணன் அன்ரன் அந்த ஊரில் சம்மாட்டி. இரண்டு வள்ளமும் அதற்கேற்ற ஆட்களும் அவரிடம் இருந்தன. அவரின் மனைவி, என் மச்சாள், பவுசர் வரும் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர்க் கானோடு ஓடுவா.

அந்த ஊருக்குத்தான் உயரமான தண்ணீர்த் தாங்கி ஒன்று கட்டத் தொடங்கியிருந்தார்கள். வேலையைப் பார்க்கும் எஞ்சினியர் சுபாஜினி. ஊர் முருங்கன் பக்கம், வயல் செய்கிற குடும்பம். முப்பது வயது இருக்கும். தனியாக அவள் பொறுப்பில் வந்த முதல் பெரிய வேலை அது.

தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு எனக்கு விளங்கப்படுத்தினாள்.

"ஊர் முழுக்க உப்பு மண் அக்கா. சும்மா சீமெந்து போட்டால் உப்பு உள்ள போய்க் கம்பியைத் தின்னும். அதால நிலக்கரி எரிச்ச சாம்பலைச் சீமெந்தில ஒரு பங்குக்குப் பதிலாப் போடுறம். அப்ப உள்ள இருக்கிற நுண்ணிய ஓட்டையெல்லாம் அடைபடும்."

"நல்லதுதானே. பிறகென்னத்துக்கு ஐஸ்?"

"சீமெந்து தண்ணியோட சேரேக்க தானாச் சூடு வரும். மெல்லிய தட்டெண்டால் அந்தச் சூடு காத்தோட போயிடும். இது அத்திவாரம், ஆள் உயரத்துக்குத் தடிப்பு. நடுவில சூடு நிக்கும், வெளிப்பக்கம் ஆறும். அந்த வித்தியாசத்தில வெடிச்சுப்போம்."

கலியாண வீட்டில் பெரிய கிடாரத்தில் வடித்த சோறு எனக்கு ஞாபகம் வந்தது. ஓரத்தில் ஆறியிருக்கும், நடுவில் கரண்டியை விட்டால் ஆவி வரும்.

"சாம்பல் போட்டால் சூடு குறையாதோ?" என்று கேட்டேன்.

"குறையும். ஆனா இந்த வெயிலுக்கு அது மட்டும் காணாது. சல்லிக்கல்லு காலமை ஒன்பது மணிக்கே கையைச் சுடுது. அதால குழைக்கேக்கயே குளிராக்க வேணும். தண்ணியில பாதிக்கு நொருக்கின ஐஸ்."

மார்கழியில் நடந்தது

அவள் தன் வாயால் சொல்லாத ஒன்றை எனக்கு அண்ணன் ஏற்கனவே சொல்லியிருந்தார்.

போன மார்கழியில் தாங்கிக்குப் பக்கத்தில் பம்ப் அறைக்கு நிலம் போட்டார்கள். அதே சாம்பல் சீமெந்து. அன்றைக்கு வாடைக்காற்று, இடைவிடாத தூறல், சூரியனே இல்லை. அடுத்த நாள் வேலைக்கு வந்தவர்கள் பார்த்தால் நிலம் இறுகவில்லை. ஆணியால் கீறினால் கோடு விழுந்தது. வலை பின்னத்தான் பழகிய ஊர், ஆனாலும் கொங்கிறீற்றைப் பற்றியும் எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. சாம்பலைக் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு பகுதி. படித்த பிள்ளைக்குக் குழைக்கத் தெரியவில்லை என்று இன்னொரு பகுதி.

சில நாளில் அது இறுகிவிட்டது. இன்றைக்கும் அந்த நிலம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஊரில் எது தாமதமானாலும் "மிஸ்ஸின்ர கொங்கிறீற் மாதிரி" என்று சொல்லும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. பஸ் பிந்தினால் அது மிஸ்ஸின்ர கொங்கிறீற். சோறு வேகாவிட்டாலும் அதுதான்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஐஸ் கொம்பனியின் முதல் மாதம் நினைவுக்கு வந்தது. இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, கடன் வாங்கிப் பழைய மெஷின் ஒன்றைப் பூட்டினோம். முதல் கட்டிகள் நடுவில் உறையாமல் வந்தன. தூக்கினால் நடுவிலிருந்து தண்ணீர் ஊற்றும். மன்னார் மீன் சந்தையில் எங்களுக்கு "இளநி கொம்பனி" என்று பெயர் வைத்தார்கள். பெயர் போக ஒரு வருடம் எடுத்தது. அதனால் சுபாஜினியைப் பார்த்து நான் இரண்டாம் முறை சிரிக்கவில்லை. ஐஸ் தருகிறோம் என்றேன்.

கும்பளா வந்த காலை

ஆவணி மாதம். சோளகக்காற்று குறைந்து, வெக்கை அப்படியே தரையில் படுத்திருந்த நாட்கள். விடியும்போதே ஐஸ் பாதியை இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றி அனுப்பிவிட்டோம். மிச்சம் பாதி மத்தியானத்துக்கு. வழக்கமாக வரும் மீனுக்கென்று ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

அன்றைக்கென்று வலைகளில் கும்பளா மீன் பட்டது.

எப்படிப் பட்டது என்று கேட்டால், வள்ளங்களின் விளிம்பு தண்ணீரோடு தண்ணீராக வந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் கண்டது அண்ணனைத்தான். லான்ட்மாஸ்ரர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி நேரே குளிர் அறைக்குப் போனார். பின்னால் இன்னும் நாலைந்து சம்மாட்டிகள். அவர்கள் உடம்பெல்லாம் செதில் ஒட்டி மினுங்கியது.

"கதவைத் திற, றெஜினா."

"அண்ணை, அது கொங்கிறீற்றுக்கு எண்டு குடுத்தாச்சு."

"மீனுக்குத்தான் ஐஸ். சீமெந்துக்கு ஐஸ் எண்டு ஆர் கண்டது?"

"உங்கட ஊருக்குத்தானே தாங்கி கட்டுறது."

"கட்டட்டும். ஆர் வேண்டாமெண்டது? தாங்கியை நாளைக்கும் கட்டலாம். கும்பளா நாளைக்கு மட்டும் பழுதாகாமல் கிடக்குமே?"

நான் பூட்டின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சின்ன வயதிலிருந்து அண்ணன் கேட்டு நான் மறுத்தது குறைவு. அதோடு மற்றச் சம்மாட்டிகள் எல்லாரும் வருடம் முழுக்க எங்களிடம் ஐஸ் எடுக்கிறவர்கள். கொங்கிறீற் ஒரு நாள் வரும், போகும். கணவர் என்னைப் பார்த்தார். நான் சுபாஜினிக்குப் போன் எடுத்தேன்.

அவள் அடுத்த ஐஸை ஏற்ற வந்த உழவு இயந்திரத்திலேயே தொற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். வழி முழுக்கக் காற்றில் வந்த புழுதி முகத்தில் படிந்திருந்தது. சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணை, மீன் எவ்வளவு நேரம் தாங்கும்?"

அண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. "இந்த வெயிலிலயோ? மத்தியானத்துக்கிடையில ஐஸ் போடாட்டில் வயிறு வெடிக்கும். பிறகு கொழும்பு லொறிக்காரன் தொடவும் மாட்டான்."

"அப்ப என்ர கொங்கிறீற் அதைவிடக் கொஞ்ச நேரம் கூடத் தாங்கும்" என்றாள்.

உறையாத கட்டிகள்

அத்திவாரத்தில் பாதி போட்டாகிவிட்டது. பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். கீழே போட்டது இறுகிவிட்ட பிறகு மேலே போட்டால் இரண்டும் ஒட்டாது, நடுவில் ஒரு கோடு விழும், அந்தக் கோட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே போகும் என்றாள்.

"சும்மா சீமெந்தெண்டால் இந்த வெயிலுக்கு நிப்பாட்டவே ஏலாது. இது சாம்பல் போட்டது, ஐஸும் போட்டது. ஈரச் சாக்குப் போட்டு மூடி, நிழல் கட்டி விட்டால் பின்னேரம் வரைக்கும் இறுகாமல் கிடக்கும் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறியளோ, தெரியுமோ?" என்று அண்ணன் கேட்டார்.

"நினைக்கிறன்."

அண்ணன் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கி விட்டார்.

சுபாஜினி என் பக்கம் திரும்பினாள். "பின்னேரம் மிச்சத்தைக் குழைக்க எனக்குக் குளிர் வேணும் அக்கா. கட்டியா இருக்கோணும் எண்டில்லை. ஐஸ் இல்லாமல் குளிரா வேற ஏதாவது உங்களிட்ட இருக்கோ?"

நானும் கணவரும் ஒரே நேரத்தில் மெஷின் கொட்டிலைப் பார்த்தோம்.

ஐஸ் எப்படி உறைகிறது என்று போன அத்தியாயம் ஒன்றில் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக: நல்ல தண்ணீரை உயரமான தகரப் பெட்டிகளில் நிரப்பி, கடுங்குளிரான உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடுவோம். கட்டியாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். விடியப்புறம் இறக்கிய பெட்டிகளில் பின்னேரம் என்ன இருக்கும்? சுற்றிவரக் கொஞ்சம் ஐஸ் பிடித்து, நடுவில் விறைக்க விறைக்கத் தண்ணீர். மீனுக்கு அது உதவாது, கொழும்பு போய்ச் சேர முன்பே கரைந்துவிடும். கொங்கிறீற் குழைக்க அது போதும்.

ஆனால் அந்தப் பெட்டிகளை எடுத்துவிட்டால் அடுத்த நாளுக்கு ஐஸ் இல்லை.

அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அண்ணை, இப்ப இருக்கிற ஐஸ் முழுக்க மீனுக்கு எடுங்கோ. பெட்டியில இருக்கிறது கொங்கிறீற்றுக்கு. நாளைக்கு ஒருத்தருக்கும் இல்லை. நீங்கள்தான் போய் எல்லாருக்கும் சொல்லோணும், நாளைக்குத் தொழிலுக்குப் போக வேண்டாமெண்டு."

"கும்பளா படுற நேரத்தில வள்ளத்தை இழுத்து வைக்கச் சொல்லுறாய்."

"ஓம்."

அண்ணன் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் தலையைச் சொறிந்தார், இன்னொருவர் நிலத்தைப் பார்த்தார். யாரும் சம்மதிக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. மீன் காத்திருந்தது. "முதல்ல ஐஸை ஏத்துங்கோ" என்றார் அண்ணன்.

பின்னேரம் நானும் பெட்டிகளோடு போனேன். வேலை செய்யும் இடத்தில் சாக்குகளின் மேல் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே நின்றார். தாங்கி கட்டும் வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். சுபாஜினி ஒரு சாக்கை விலக்கி, கொங்கிறீற்றை அதிர்த்து இருத்துகிற வைப்றேற்றரை ஓடவிட்டு, அழுத்தாமல் அதன் பாரத்திலேயே விட்டாள். அது ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. கீழே போட்டது இன்னும் இறுகவில்லை.

"போடுங்கோ" என்றாள்.

பெட்டிகளைக் கவிழ்க்கக் கவிழ்க்க மிக்சரிலிருந்து பனிபோல ஆவி எழும்பியது. பொழுது படும்போது மேல்தட்டுச் சமனாகிவிட்டது. வள்ளங்கள் கரையில் கிடந்தன. ஒரு வள்ளம் மட்டும் அண்ணனின் பேச்சைக் கேட்காமல் போனது. அடுத்த நாள் அவர்கள் கொண்டுவந்த மீன் முழுக்கக் கருவாடாகி, அந்த மணம் ஒரு கிழமை ஊரில் நின்றது.

விரல் இறங்கிய இடம்

காலையில் வெறும் பெட்டிகளை ஏற்றப் போனபோது அத்திவாரத்தைச் சுற்றிச் சனம். தொழிலுக்குப் போகாத நாள், வேறு வேலை என்ன.

விடியப்புறம் காற்று எழும்பி ஒரு மூலையில் சாக்கைக் கிளப்பியிருந்தது. அந்த இடத்தில் மேலே பொருக்குப் பிடித்திருந்தது. ஓவசியர் விரலால் தட்டினார். பொருக்கு உடைந்தது. விரல் உள்ளே இறங்கியது.

"மார்கழியில நடந்ததுதான் திரும்பவும்" என்றார் அவர். "மிஸ், இப்பவே மண்வெட்டியால வழிச்சு எடுத்தால் மேல் பாதியையாவது கழிக்கலாம். நாளைக்கு அரைகுறையா இறுகின கல்லா நிண்டால் உடைக்கத்தான் வேணும். அப்ப இந்த வருசம் தாங்கி இல்லை."

சுபாஜினி மேலதிகாரியோடு போனில் கதைத்தாள். அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "நான் இஞ்ச இருந்து என்னெண்டு சொல்லுறது? நீங்கள் பாத்து முடிவெடுங்கோ."

அவள் போனைச் சட்டைப்பையில் வைத்தாள். காவல்காரரின் கொட்டிலுக்குப் போய் இரண்டு பால்மாத் தகரப் பேணிகளோடு வந்தாள். நேற்றுக் கடைசிக் குழையலில் இரண்டு பேணி அள்ளி, ஒன்றைக் காவல்காரரின் தேத்தண்ணீர் அடுப்படியிலும் மற்றதை வெளியே காற்றிலும் வைத்திருந்திருக்கிறாள். வெளியே இருந்ததில் விரல் இறங்கியது. அடுப்படியில் இருந்ததை அண்ணனிடம் நீட்டினாள்.

அண்ணன் அதை வாங்கி லான்ட்மாஸ்ரர்ச் சக்கரத்து இரும்பில் தட்டிப் பார்த்தார். கல்.

"ரெண்டும் ஒரே குழையல் அண்ணை. சரக்கில பிழை இல்லை. குளிர்ந்த தண்ணியில குழைச்சு, இரவும் காத்துப் பட்டு, அது இன்னும் எழும்பேல்ல. சாம்பல் போட்டது வெக்கை கிடைச்சால்தான் வேலை செய்யும்."

அண்ணன் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப கீழ அடுப்பு மூட்டுவமே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகத்தான் கேட்டார்.

"வேண்டாம். கீழ் பாதியில சூடு வரத் தொடங்கீற்றுது. அது மேல வரும். மூடி வைச்சிட்டு இருப்பம்."

"எவ்வளவு நேரம்?"

"பின்னேரம் வரைக்கும் பாக்கிறன். அதுக்குப் பிறகும் இப்பிடியே இருந்தால் நானே வழிச்சு எடுக்கச் சொல்லுறன்."

ஓவசியர் மண்வெட்டிகளைக் கொண்டுபோய்ச் சுவரோடு சாத்தினார், எடுக்க வசதியாக. சனம் கலைந்து, திரும்ப வந்து, திரும்பக் கலைந்தது. எனக்குக் கொம்பனியில் வேலை இருந்தது. போகவில்லை. மச்சாள் தேத்தண்ணீர் அனுப்பினா. சுபாஜினி குவளையை இரண்டு கையாலும் பிடித்தாள். கண் மட்டும் சாக்குகளிலேயே இருந்தது.

"வீட்டில என்ன சொல்லுவினம்?" என்று கேட்டேன், கதை மாற்ற.

"அப்பா நேற்று இரவு போன் எடுத்தவர். வயலுக்கு வந்து நில்லு, கொங்கிறீற் உனக்குச் சரிவராது எண்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வாறன், இது இறுகட்டும் எண்டனான்."

வெயில் சாய்ந்த பிறகு அவள் எழுந்து போய்ச் சாக்கை விலக்கினாள். உள்ளங்கையை வைத்தாள். என்னையும் வைக்கச் சொன்னாள். இளஞ்சூடு, காய்ச்சல்காரரின் நெற்றி போல. ஆணி எடுத்து அழுத்தினாள். ஆணி வழுக்கியது. மூலையிலும் அழுத்தினாள். அங்கேயும் வழுக்கியது. ஓவசியரிடம் ஆணியைக் கொடுத்தாள். அவர் நாலு இடத்தில் முயன்று பார்த்துவிட்டு, மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டுபோய் கொட்டிலுக்குள் வைத்தார்.

சுபாஜினி தண்ணீர் கொண்டுவந்து நின்ற பவுசருக்குப் பின்னால் போய் ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். காலையிலிருந்து சாப்பிடாத வயிறு, வெறும் தேத்தண்ணீர்தான் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சாக்கெல்லாம் நனைக்கச் சொன்னாள்.

குழாயடி

சுற்றி அடித்த பலகைகளைக் கழற்றியபோது அத்திவாரத்தின் நடுவில் நிறம் கொஞ்சம் மாறி ஒரு பட்டை தெரிந்தது. அந்த இடத்திலேயே துளைத்து ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு பாதியும் ஒட்டியிருந்தது என்று பதில் வந்தது. மூலையில் பொருக்கு உடைந்த இடத்தைச் சுரண்டிப் பூச வேண்டியிருந்தது. அவ்வளவுதான் சேதம்.

தாங்கி எழும்ப நீண்ட காலம் எடுத்தது. அதற்குள் சுபாஜினியை வவுனியாப் பக்கம் வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது கொம்பனிக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள்.

தண்ணீர் திறந்த அன்று பந்தல், மாலை, பேச்சு எல்லாம் இருந்தன. மேடையில் இருந்தவர்களில் அத்திவாரம் போட்ட அன்று அங்கே நின்றவர் ஒருவரும் இல்லை. சுபாஜினிக்கு அழைப்புப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கு நான்தான் சொன்னேன். அவர் பேச்சு முடியும்வரை பந்தல் காலில் சாய்ந்து நின்றார்.

சனம் போன பிறகு தன் வீட்டுக்குழாயடிக்கு என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பிள்ளையின்ர நம்பர் இருக்கே?"

எடுத்துக் கொடுத்தேன். அவள் எடுத்ததும் "நான் அன்ரன்" என்றார். பிறகு குழாயை முழுக்கத் திறந்து, போனைத் தண்ணீருக்குக் கிட்டப் பிடித்தார். மச்சாளின் கானில் தண்ணீர் விழுந்து, நிரம்பி, வழிந்து மணலில் ஓடியது. அண்ணன் கையை எடுக்கவில்லை.

கடைசியில் போனைக் காதில் வைத்தார். கேட்டார். குழாயைப் பூட்டினார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"தண்ணியை வீணாக்க வேண்டாமாம்."